டயரில் சாக்பீஸ் கோடு

ஐந்தரைக்கு எழுகிறேன். பால் காய்ச்சி ஒரு டம்ளர் குடிக்கிறேன். குளித்து, சட்டை மாட்டி, ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறேன். அங்கே இலக்கியாவின் சைக்கிள் நிற்கிறது. பின் டயரில் சாக்பீஸ் கோடு இருந்தால் கட்டைவிரலால் அழிக்கிறேன். பிறகு வேலைக்குப் பஸ் ஏறுகிறேன்.

சைக்கிள் நிற்பது ராசிபுரம் சாலையோரம் பேரூராட்சி வைத்த இரும்புச் சட்டத்தில். பத்து சைக்கிள்தான் நிற்கும். தினமும் மத்தியானம் பேரூராட்சி மேஸ்திரி குருமூர்த்தி எல்லா டயரிலும் கோடு போடுவார். ஓட்டினால் தேய்ந்துவிடும். திங்கள் காலை கோடு அப்படியே இருந்தால், பூட்டை வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்.

இலக்கியா என் மனைவி. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு லேபில் வேலை பார்த்தாள். மார்ச் மாதம் ஒரு காலை சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறியவள், பஸ்ஸிலேயே மயங்கினாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். ஐந்து மாதம் ஆகிறது. சைக்கிளை நான் எடுக்கவில்லை. கேட்டவர்களிடம், அங்கேயே இருக்கட்டும், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கடைசியாகச் சொன்னாள் என்றேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

இந்தத் திங்கள் எனக்கு முன்பே சரிதா நின்றிருந்தாள். மில்லுக்குப் போகிறவள். இலக்கியாவோடு ஒரே பஸ். போன வாரம் சட்டத்தில் இடமில்லாமல் புளியமரத்தில் சாய்த்துவிட்டுப் போன அவள் சைக்கிள் திருடுபோய்விட்டது. இன்று தம்பியின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; சட்டத்தில் இன்றும் இடமில்லை. இதுவும் போனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

குனிந்தேன். விரல் டயரில் இருக்கும்போதே சொன்னாள்.

"தெனமும் அழிக்கறீங்க. பாத்துட்டுத்தானுங்கண்ணா இருக்கறேன்."

கோட்டை அழித்து முடித்தேன். குருமூர்த்தியின் வண்டி வந்து நின்றது. கட்டரோடு இறங்கினார். சாக்பீஸ் ஒட்டிய என் விரலைப் பார்க்கச் சொன்னாள் சரிதா. பார்த்தார். செத்தவள் சொல்லிவிட்டுப் போனது, விடம்மா என்றார்.

"அக்கா அப்படிச் சொல்ற ஆளே இல்லீங்க. நான் கொஞ்சம் கோணலா நிறுத்தினாலே, ரெண்டு பேரு எடத்தப் புடிச்சுட்டயே, உங்கப்பன் எடமான்னு வைவாங்க."

நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். தூரத்தில் சேலம் பஸ் தெரிந்தது. சரிதா சைக்கிளை விடவும் இல்லை, நகரவும் இல்லை. குருமூர்த்தி கட்டரைத் தரையில் வைத்தார்.

"நெசமா அப்படித்தான் சொல்லுச்சா, சாமி?"

ஆமாம் என்றால் போதும். சாவியை எடுத்தேன். பூட்டு துருவேறி இறுகியிருந்தது. பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மூன்றாம் முறை பூட்டு திறந்தது. சைக்கிளை வெளியே இழுத்தேன். சரிதா அந்த இடத்தில் தன்னுடையதைத் தள்ளிப் பூட்டிவிட்டு ஓடி ஏறினாள். பஸ் போய்விட்டது. நான் ஏறவில்லை.

அப்படியானால் இலக்கியா கடைசியாக என்னதான் சொன்னாள் என்று குருமூர்த்தி மெதுவாகக் கேட்டார். சொன்னேன். இரண்டாம் நாள் சாயங்காலம். கண்ணைத் திறந்து, என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"சார்ஜரப் பக்கத்துப் பெட்டுக்காரங்களுக்குக் குடுத்துருங்க. ரெண்டு தடவ கேட்டுட்டாங்க."