தூபாவுக்கு மட்டும் 1.12

கல்லூரி கேட்டுக்கு வெளியே இருக்கும் ரோட்டைவிட நூலக வாசல்படி எவ்வளவு உயரம்? சிவில் இரண்டாம் ஆண்டு மொத்தமும் ஒரே குரலில் சொன்னது: 1.42 மீட்டர்.

தூபாவுக்கு மட்டும் 1.12.

போன மாதம்தான் அவள் கட்டிய செங்கல் சுவர், துறைத் தலைவர் தும்மியதும் சரிந்திருந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசரான அப்பா காலையிலேயே சொல்லிவிட்டார்.

"பேட்டா, இன்னிக்கும் தப்பாச்சுன்னா சொல்லு. கம்ப்யூட்டருக்கு மாத்திடலாம். எதுக்கு பேஜாரு?"

தலையாட்டிவிட்டுத்தான் வாலாஜாபேட்டையில் இருக்கும் கல்லூரிக்கு பஸ் ஏறியிருந்தாள்.

"தூபா கணக்குப்படி லைப்ரரி ஒரு அடி பூமிக்குள்ள எறங்கிடுச்சு சார்!" என்றான் ஷாஜின். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

சர்வே பேராசிரியர் இன்பசேகரன் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காவிட்டால் யாருக்கோ நேரம் சரியில்லை.

"எடும்மா கருவிய. எல்லார் முன்னாடியும் திரும்ப அள."

மண்டையைப் பிளக்கும் வெயில். முக்காலி மேல் மட்டக் கருவியை நிறுத்தினாள். மட்டம் காட்டும் குமிழி நடுவுக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் வந்தது. எதிரே அளவுகோலைப் பிடித்திருந்த ஷாஜின், கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதுபோல் சாய்ந்து நின்றான்.

"ஷாஜின், நேரா புடி!"

குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். ரோடு, படி, இரண்டையும் பார்த்துக் கழித்தாள்.

மறுபடி 1.12.

"அதேதான் சார் வருது," என்றாள். "இன்னொரு தடவ எடுத்தாலும் இதான் வரும்."

இன்பசேகரன் மெதுவாக ஷாஜின் பக்கம் திரும்பினார். "நீ எங்கடா கருவிய நிறுத்தின?"

"அந்த வேப்பமரத்தடியில சார்."

"அங்கிருந்து பார்த்தா ரோடே தெரியாதே! காம்பவுண்டு சுவர் மறைக்கும்."

ஷாஜினுக்கு வியர்த்தது. "சீனியருங்க போன வருஷம் எடுத்த நம்பர் சார். வாட்ஸ்அப்ல வந்துச்சு."

"லீவுல பழைய ரோட்டைத் தோண்டாம அதுமேலயே புது ரோடு போட்டாங்க. ரோடு ஒரு அடி ஏறிடுச்சு. மழை பெஞ்சா கேட்டுக்குள்ள தண்ணி வருதே, ஒருத்தனுக்கும் ஒறைக்கல?" கர்ஜித்தவர் தூபாவைப் பார்த்தார். "உனக்கு மட்டும் நம்பர் வரலியாம்மா?"

"என்னை இன்னும் அந்த குரூப்ல சேர்க்கவே இல்ல சார்."

இப்போதுதான் இன்பசேகரன் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் தூபாவின் செல்போன் அடித்தது. அப்பா.

"இன்னா பேட்டா, கம்ப்யூட்டருக்கு மாத்த பேசிடவா?"

"வாணாம்ப்பா. கிளாஸ் மொத்தமும் திரும்ப அளக்குது. நான்தான் கூட நின்னு பாக்கணும்னு சார் சொல்லிட்டாரு. வைக்கிறேன்."

வைத்தவள் கத்தினாள். "டேய் ஷாஜின், குமிழி ஓடுது பாரு!"