மூன்று புத்தகங்களின் படம்

மலேசியாவில், பீடோருக்கு உள்ளே, பழைய ரப்பர் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் சின்ன நூலகத்துக்கு நான் ஒருத்திதான் எல்லாம். நூலகரும் நானே, கூட்டிப் பெருக்குகிறவளும் நானே. ஈப்போ நகரத்துச் சிலிபினிலிருந்து தினமும் கார் ஓட்டி வந்து, சில நாள் ஒரு மனித முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்புவேன். டுவிட்டர் இல்லையென்றால் பைத்தியம் பிடித்திருக்கும்.

அங்கே என்னைப் போன்ற நூலகர்கள் முப்பது பேர். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வாசகர் இரவல் எடுக்கும் புத்தகங்களை அடுக்கிப் படம் பிடித்துப் போடுவோம், பெயர் போடமாட்டோம். எடுத்தவர் எப்படிப்பட்டவர் என்று மற்றவர்கள் ஊகிக்க வேண்டும். ஈப்போவில் வேலை செய்யும் ஷான் இதில் கில்லாடி.

புதன்கிழமை, தோட்டத்து வீடுகளில் ஒன்றில் இருக்கும் பிரமிளா மூன்று புத்தகங்கள் எடுத்தாள். விவாகரத்துச் சட்டம் பற்றி ஒன்று, நேர்முகத் தேர்வு பற்றி ஒன்று, மகளுக்குத் தமிழில் யானைப் படக்கதை ஒன்று.

"திங்கக்கெழம ஈப்போவுல இன்டர்வியூ அக்கா. வேல கெடச்சா பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன். வீட்டுல யாருக்கும் தெரியாது" என்றாள். ஆளே இல்லாத நூலகத்தில் அதையும் கிசுகிசுத்துத்தான் சொன்னாள்.

தேதி முத்திரை குத்தும்போதே படம் எடுத்துவிட்டேன். அவள் தைரியத்தை மெச்சித்தான் போட்டேன், சத்தியமாக. 'புது வாழ்க்கை தொடங்கும் அம்மா' என்று ஷான் சரியாக ஊகித்தான். நானூறு பேர் விரும்பினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஈப்போவில் யார் இப்படிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆயிரம் பேர் வந்து போகும் இடம். என் கணக்கிலோ நூலகத்தின் பெயர் இருக்கிறது. தமிழ்ப் படக்கதை கேட்கும் வயதில் பிள்ளை உள்ள வீடு இந்தத் தோட்டத்தில் ஒன்றே ஒன்று. பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியதற்குச் சமம். இந்த மண்டைக்கு அது உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் கணவன் யுகேந்திரன் வந்தான். அதுவரை நூலகத்துக்குள் கால் வைக்காதவன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மரியாதையாக நின்று போனை நீட்டினான். அதில் நான் போட்ட படம்.

"எங்க அக்கா மகன் அனுப்புனான் மிஸ். இது பிரமிளா எடுத்த புக்குதானே?"

"யார் என்ன புக்கு எடுக்குறாங்கன்னு நாங்க வெளிய சொல்லக்கூடாதுலா தம்பி. அது ரூல்."

அவன் கத்தவில்லை. சிரித்தான்.

"நீங்கதான் ஊருக்கே சொல்லிட்டீங்களே மிஸ்."

அவன் படியிறங்கியதும் முதலில் படத்தை அழித்தேன். "ஏன் அழிச்சிட்டே கௌசிகா? நல்லாதானே இருந்துச்சு" என்று ஷான் உடனே கேட்டான். பிரமிளாவை எச்சரிக்க வேண்டும். திங்கள்வரை காத்திருக்காமல் இப்போதே பிள்ளையோடு கிளம்பிவிடச் சொல்ல வேண்டும். உறுப்பினர் படிவத்தைத் தேடி எடுத்து, அவள் எண்ணை அழுத்தினேன்.

போன் ஜன்னலுக்கு வெளியே அடித்தது. மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த யுகேந்திரன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தபடியே காதில் வைத்து, "சொல்லுங்க மிஸ்" என்றான்.