மூன்று நிமிட வீடியோ

இரட்டைப் பெண் குழந்தைகளின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். பிறக்க வேண்டிய நாளுக்குப் பத்து வாரம் முன்பே குழந்தைகள் பிறந்துவிட்டன. ஏழு வாரம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, ஒரு வழியாக வீடு வந்து சேர்ந்தன. முதலில் வந்தவளுக்கு வீட்டில் குண்டு என்று பெயர். ஆறு நிமிடம் கழித்து வந்தவள் குருவி.

பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணினால் மூன்று மாதம் ஆனபோது, ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் போன் செய்தார்.

"ஆளுக்கு மூணு நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்புங்கப்பா. மல்லாக்கப் படுக்க வச்சு, கை கால் தெரியற மாதிரி. பொம்மை காட்டாதீங்க, பேச்சுக் கொடுக்காதீங்க. அழுதா நிறுத்திடுங்க."

"அதுல என்ன மேடம் தெரியும்?"

"இந்த வயசுல மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் சும்மாவே இருக்காது. குட்டி குட்டியா அசைஞ்சுக்கிட்டே இருக்கும். அது இல்லேன்னா மூளைக்கும் கை காலுக்கும் நடுவுல ஏதோ தடங்கல் இருக்கலாம். இப்பவே தெரிஞ்சா இப்பவே வேலையை ஆரம்பிச்சிடலாம்."

மனைவி குளிக்கப் போயிருந்த நேரம். அவன் தரையில் போர்வையை விரித்துக் குண்டுவைக் கிடத்தினான். பார்க்கவே சிரிப்பு வந்தது. கை ஒரு பக்கம் சுழன்றது, கால் ஒரு பக்கம். விரல்கள் யாருக்கோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

அடுத்தது குருவி. அவளுடைய இரண்டு கைகளும் ஒன்றாக விறைத்து எழும்பின, ஒன்றாக விழுந்தன. நடுவில் ஒன்றுமில்லை. இடது கை மூடியபடியே இருந்தது. தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று நினைத்து மறுபடி எடுத்தான். ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு எடுத்தான். மூன்றாவது வீடியோவும் அப்படியே இருந்தது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவன் யோசிக்கவே இல்லை. குருவியின் மஞ்சள் சட்டையைக் கழற்றிக் குண்டுவுக்கு மாட்டினான். பட்டன் எட்டவில்லை. அப்படியே படம் பிடித்து, குருவியின் பெயரில் அனுப்பிவிட்டான்.

இரண்டு நாளில் பதில் வந்தது. 'ரெண்டு பேருக்கும் அசைவு நல்லா இருக்கு. ஆறு மாசத்துல வந்து காட்டுங்க.'

மனைவி உடனே தன் அக்காவுக்குப் போன் போட்டாள். "நல்லா இருக்காங்களாம்க்கா" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அவன் வேலைக்குக் கிளம்புவதுபோல் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வேலையிடத்தில் ஒரே போல்ட்டை இரண்டு தடவை முடுக்கினான். ஒன்பதாவது மாடியில் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசித்தான். வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் குருவியின் இடது கையைப் பிரித்துப் பார்த்தான். விட்டதும் அது மூடிக்கொண்டது. இன்னும் சில வாரம் போனால் அந்தக் குட்டி அசைவு எந்தக் குழந்தைக்கும் மறைந்துவிடும், அப்புறம் வீடியோவில் பார்க்க முடியாது என்று எங்கோ படித்திருந்தான். தினமும் காலண்டரில் நாளை எண்ணினான்.

ஒன்பதாம் நாள் காலை, மனைவி குருவிக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வீடியோ..."

"தெரியும்" என்றாள் அவள். நிமிரவில்லை.

"என்ன தெரியும்?"

"தொடையில மச்சம் இருக்கிறது குண்டுவுக்குத்தானே? அன்னைக்கே உங்க போன்ல பார்த்தேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க உண்மையைச் சொல்லிடுவீங்களே." டயப்பரின் ஒட்டும் பட்டையை இரண்டு தடவை பிரித்து ஒட்டினாள். "நல்லா இருக்குன்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்துட்டாங்க. கொஞ்ச நாளைக்கு அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கலாம்னு நினைச்சேன். அக்காகிட்ட வேற சொல்லித் தொலைச்சேன்."

பிறகு அவளே எழுந்து பையை எடுத்தாள். "கிளம்புங்க. போன்ல சொல்ல வேண்டாம், நேர்லயே போயிடலாம்."

தெரபிஸ்ட் முழுவதையும் கேட்டார். கோபப்படுவார் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"பத்து வீடியோ எடுத்து, அதுல நல்லதாப் பொறுக்கி அனுப்புறவங்க நிறைய பேர். ஆளையே மாத்தி அனுப்பினது நீங்கதாம்ப்பா முதல் ஆள்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு குருவியைப் பாயில் கிடத்தினார். "நல்லவேளை, இன்னும் நேரம் தாண்டல."

மூன்று நிமிடம் அவளுடைய மணிக்கட்டையும் கணுக்காலையும் விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அந்த அசைவு இல்ல" என்றார் தெரபிஸ்ட். "இதை வச்சு மட்டும் முடிவு கட்ட முடியாது. ஸ்கேன் பார்க்கணும், டாக்டர் பார்க்கணும். ஆனா இதுக்கு இன்ன நோய்னு டாக்டர் பேர் வைக்கிற வரைக்கும் நாம காத்திருக்க வேண்டாம். இன்னைக்கே ஆரம்பிப்போம்."

"நடப்பாளா?" மனைவி கேட்டாள்.

"இப்ப சொன்னா அது பொய்யாயிடும்மா."

அன்றே சொல்லிக்கொடுத்தார். குழந்தையை எப்படித் தூக்குவது, இடது கையை எப்படி முகத்துக்கு நேரே கொண்டுவருவது, கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் நீட்டிவிட்டுக் காத்திருப்பது. "நீங்க எடுத்துக் கொடுத்துடாதீங்க. அவளே வரட்டும்" என்று அவனைப் பார்த்துச் சொன்னார். பால் கொடுக்கும்போது, உடை மாற்றும்போது, விளையாடும்போது என்று அது அவர்களுடைய நாளோடு கலந்துவிட்டது. மனைவி அன்று மாலையே அக்காவிடம் உள்ளதைச் சொன்னாள். அக்கா மறுநாளே வந்து குண்டுவைப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வயது தாண்டியபோது டாக்டர் கோப்பில் பெருமூளை வாதம் என்று எழுதினார். இடது பக்கம், லேசானது. இவ்வளவு சீக்கிரம் பயிற்சி தொடங்கியது நல்லது என்றார். மனைவி கோப்பை வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த பயிற்சி எப்போது என்று மட்டும் கேட்டாள்.

குண்டு இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள். குருவி உட்காருகிறாள், சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அப்பாவுக்கு இன்னும் காலையிலிருந்தே வாய் உலர்ந்துவிடும்.

நேற்று குருவியின் இடது பக்கம் ஒரு ரொட்டித் துண்டை நீட்டினான். வலது கையை மனைவி மெல்லப் பிடித்துக்கொண்டாள். குருவி முறைத்தாள், சிணுங்கினாள், பிறகு இடது கையை நீட்டினாள். விரல்கள் மெதுவாக விரிந்தன. ரொட்டியைப் பிடித்தாள், கீழே போட்டாள். அவன் இன்னொரு துண்டை எடுத்து நீட்டினான்.