ஏழு கிலோ நீராவி

2024 மார்ச் 11, திங்கட்கிழமை. ராயப்பன்பட்டிக்கு வெளியே இருக்கும் திராட்சைச் சாறு ஆலையில் முந்தைய வாரம் மட்டும் நாற்பத்தொரு டன் விறகு பாய்லரில் எரிந்திருந்தது.

விறகைக் குறைத்துக் காட்டுகிறவருக்கே சூப்பர்வைசர் வேலை என்று மேனேஜர் தமிழ்மாறன் அன்று காலையில் சொல்லிவிட்டார். சாறு சுண்டவைக்கும் இயந்திரத்தின் முன்னால் பதினேழு வருஷமாக நிற்கும் பீட்டர்ராஜ், அந்த வேலை எப்படியும் தனக்குத்தான் என்று இருந்தவர். போன ஆடியில் வந்து சேர்ந்த ஃபிட்டர் முத்துவீரன் போட்டிக்கு வருவான் என்று அவர் நினைக்கவே இல்லை.

கலனுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், சாறு ஐம்பத்தைந்து டிகிரியிலேயே கொதிக்கும், நிறம் கருகாது. காற்றை இழுக்கும் வேலை எஜெக்டருடையது. அதன் நாசிலின் சின்ன வாய் வழியே நீராவி சீறிப் பாயும்போது காற்றையும் கூடவே வாரிக்கொண்டு போகும். நீராவி கூடினால் இழுப்பும் கூடும் என்பது பீட்டர்ராஜின் கணக்கு. அழுத்தத்தை ஒன்பது கிலோவுக்குக் கீழே இறங்க விடமாட்டார். ஸ்பேராக இருக்கும் இரண்டாவது எஜெக்டரையும் சேர்த்தே ஓட்டுவார்.

முத்துவீரன் நாசிலைக் கழற்றி, தேய்ந்து வாய் அகன்றுவிட்டது, நீராவி வீணாகிறது என்றான். தமிழ்மாறன் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீட்டர்ராஜ் நீட்டிய எதையும் அவர் அப்படி வாங்கிப் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தால் அங்கேயும் அதே பேச்சு. மனைவி ரோஸ்லின் அதே ஆலையில் பழம் பிரிக்கும் வேலை பார்ப்பவள்.

"முத்துவீரன் வெவரமான ஆளுன்னு எங்க செக்சன்ல பேசிக்கிட்டாக."

"நீயும் சொன்னியாக்கும்?"

"நான் எதுக்குச் சொல்றேன்? காதுல விழுந்துச்சு."

அவர் பாதிச் சோற்றோடு கையைக் கழுவினார்.

வியாழக்கிழமை சோதனை. புது நாசில் மாட்டி, ஸ்பேர் எஜெக்டரை மூடி, நீராவியை வழக்கமான ஒன்பது கிலோவிலேயே வைத்து, இயந்திரத்தை ஓட விட்டார்கள். வெற்றிட மீட்டரின் முள் அறுநூற்று முப்பது மில்லிமீட்டரில் நின்றது. அறுநூற்று அறுபது வேண்டும். பீட்டர்ராஜுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் தமிழ்மாறன், "பரவாயில்ல முத்து, இன்னும் ஒரு மணி நேரம் பாப்போம்" என்றார். பீட்டர்ராஜ் ஏதாவது சொல்லப்போனால் அஞ்சு நிமிஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனுஷர் இவர்.

பீட்டர்ராஜ் குழாய்களுக்குப் பின்னால் போனார். நீராவி வால்வை இரண்டு சுற்று மூடினார். முள் கீழே விழட்டும், இன்றோடு முடியட்டும்.

திரும்பி வந்தபோது முள் அறுநூற்று நாற்பதில் இருந்தது. பிறகு அறுநூற்று ஐம்பத்தைந்து. அறுநூற்று அறுபத்தெட்டில் போய் நின்றது. தமிழ்மாறன் சிரித்தார். முத்துவீரன் சிரிக்கவில்லை, நீராவி மீட்டரைப் பார்த்தான். ஏழு கிலோ.

"அண்ணே, வால்வத் தொட்டீகளா?"

"நான் எதுக்குத் தொடுறேன்? பாய்லர்ல தீ மட்டுப்பட்டிருக்கும், போய்ப் பாரு."

பாய்லர் குறையில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. முத்துவீரன் யோசித்தபடி ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து எஜெக்டரின் பக்கவாட்டைச் சுரண்டினான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இயந்திரம் முழுக்க வெள்ளி பெயிண்ட் அடிப்பது அங்கே வழக்கம். அடிப்பவர் பீட்டர்ராஜ், ஓர் அங்குலம் விடமாட்டார். பட்டை பட்டையாகப் பெயிண்ட் உரிந்ததும் அடியில் எஜெக்டரைச் செய்த கம்பெனியின் தகடு தெரிந்தது. நீராவி அழுத்தம் ஏழு கிலோ என்று அதில் பொறித்திருந்தது. அதற்கு மேல் போகிற நீராவி தொண்டையில் நெருக்கியடித்து, காற்றுக்கு வழி விடாமல் நின்றிருக்கிறது.

"இத்தன வருசமா யாரும் பாக்காதத நீ பாத்துட்ட முத்து."

"நான் கொறைக்கல சார். வேற யாரோ கொறைச்சிருக்காக."

தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு தமிழ்மாறன் அவன் முதுகில் தட்டினார். ஆனாலும் சுற்றிலும் பார்த்து, யாரப்பா அது என்று ஒரு வார்த்தை கேட்டார்.

பீட்டர்ராஜுக்கு வாய் வரைக்கும் வந்தது. நான்தான் என்றால் பெயர் கிடைக்கும். எதற்காகச் சத்தமில்லாமல் மூடினாய் என்ற கேள்வியும் கூடவே வரும். தொடவில்லை என்று சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை; நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்.

"தெரியல சார்" என்றார்.

அடுத்த வாரம் விறகு பத்து டன் குறைந்தது. ஏப்ரல் ஒன்றாம் தேதி முத்துவீரன் சூப்பர்வைசர் ஆனான். பீட்டர்ராஜ் முதல் ஷிப்டில் அதே இயந்திரத்தில் நின்றார். மணிக்கொரு தடவை நீராவி அழுத்தத்தைக் குறித்து, அவனிடம் கையெழுத்து வாங்கினார்.