பத்தொன்பதாவது ஆள்

அந்த வருடம் எங்கள் யாரப்பின் ஊர் ஆஸ்திரேலியக் கால்பந்து அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஏப்ரலிலிருந்து பதினைந்து ஆட்டம், பதினைந்தும் தோல்வி. களத்தில் பதினெட்டு பேர் நிற்க வேண்டும். எங்களுக்குப் பதினேழு பேர் சேர்ந்தாலே அது நல்ல சனிக்கிழமை. காலில் அடிபட்டவனைக்கூட வெளியே எடுக்க முடியாது. கோல் கம்பத்துப் பக்கம் போய் நொண்டிக்கொண்டே நிற்பான்.

ஆள் மாற்றி விடுவதுதான் கிளப்பில் என் வேலை. ஆடுகிறவன் கோட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் அடுத்தவனை உள்ளே அனுப்ப வேண்டும். மாற்ற ஆளே இல்லாததால் எனக்கு வேலையும் இல்லை. ஒரு வாளி நிறைய ஆரஞ்சுத் துண்டுகளோடு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பேன்.

"என்னடா, உன் படையெல்லாம் எங்க? லீவுல போயிருக்கா?" என்று கெல்வின் காருக்குள்ளிருந்து கத்துவார்.

கெல்வின் நோஸ்கே எங்கள் கிளப்பின் தலைவர். கோதுமை விவசாயி. அந்த வருடம் நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயும் பக்கத்து சீட்டில் ஆக்சிஜன் சிலிண்டருமாக வருவார். மைதானத்து வேலியைப் பார்த்து நிற்கும் கார்களில் அவருடையது என் பெஞ்சுக்கு நேர் பின்னால். நாங்கள் கோல் போட்டால் எல்லாக் காரும் ஹாரன் அடிக்கும். அவர் ஹாரன் கடைசியில்தான் நிற்கும்.

அடுத்த வருடம் யாரப்பின் அணி இருக்காது என்று முடிவாகிவிட்டது. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டூனிகாவோடு சேர்ந்துவிடுகிறோம். சட்டை அவர்களுடையது. பாட்டும் அவர்களுடையது.

எங்களுக்கும் ஒரு பாட்டு உண்டு. ஜெயித்தால் உடை மாற்றும் அறையில் வட்டமாக நின்று, தோளில் கை போட்டுப் பாடுவோம். தோற்றால் யாரும் வாய் திறக்கக் கூடாது. கெல்வின் அதில் ரொம்பக் கண்டிப்பு. நாங்கள் அதைப் பாடி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அறுவடை வரைக்கும் கெல்வின் தாங்கமாட்டார் என்று ஜூலையில் டாக்டர் சொன்னார். அன்று அவருக்கு மருந்து வாங்கிக்கொண்டு போனேன்.

"அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை கேட்டுட்டாப் போதும்டா," என்றார். "அப்புறம் கோதுமை வெளஞ்சா என்ன, காஞ்சா என்ன."

கடைசி ஆட்டம் டூனிகாவோடு. கெல்வின் மனைவி நோலீன், ஊரை விட்டுப் போன பழைய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். ஆள் பதிவுக்கான கெடு முடியும் முன்பே, ஜூனிலேயே, அவர்கள் பெயரைப் பதிந்தும் வைத்திருந்தாள். சுரங்க வேலையிலிருந்து கிரெய்க் ட்ரெகியர் விமானம் ஏறி வந்தான். மொத்தம் இருபத்திரண்டு பேர். என் பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"தள்ளி உக்காருங்கடா, எனக்கே எடம் இல்ல," என்றேன். எனக்கு அதைச் சொல்வதே சந்தோஷமாக இருந்தது.

ஆட்டத்தின் கடைசிக் கால் பாகம். நாங்கள் அறுபத்தைந்து, அவர்கள் ஐம்பத்தெட்டு. இன்னும் ஆறு நிமிடம். ரோரி லேமனுக்கு மூச்சு வாங்கியது. லாரி ஓட்டுகிறவன், முப்பத்தெட்டு வயது, பதினைந்து ஆட்டத்திலும் ஒரு நிமிடம்கூட வெளியே வராதவன். அவன் நம்பரைப் பலகையில் தூக்கிக் காட்டினேன். கையை ஆட்டிவிட்டு எங்களை நோக்கி நடந்து வந்தான். கிரெய்க் கோட்டருகே எழுந்து நின்றான்.

அப்போது எங்கள் பையன்கள் ஒரு கோல் போட்டார்கள். கோலுக்கு ஆறு புள்ளி. எழுபத்தொன்று.

எல்லா ஹாரனும் அலறியது. நான் திரும்பிப் பார்த்தேன். கெல்வின் இரண்டு கையாலும் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். குழாய் மூக்கிலிருந்து நழுவி கன்னத்தில் கிடந்தது. அது தெரியாமல் வாயெல்லாம் சிரிப்பு. அவரைப் பார்த்தபடியே கிரெய்க்கின் முதுகில் தட்டினேன். "போடா, போ!"

முன்னால் திரும்பியபோது பெஞ்சருகே ரோரி இல்லை. கோட்டுக்குப் பத்தடி வரை வந்தவன், ஆட்டத்தை மறுபடி தொடங்க நடுவர் மைதானத்தின் நடுவில் பந்தைத் தூக்கிப் போடுவதைப் பார்த்ததும் பழக்கத்தில் தன் இடத்துக்கே ஓடியிருந்தான்.

"ரோரி! டேய், வெளிய வாடா!"

ஹாரன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் டூனிகா பெஞ்சில் ஒருவன் விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தான். அவர்கள் கேப்டன் டைசன் பால்ச் நடுவரிடம் போய்க் கை தூக்கினான்.

"இவங்களை எண்ணுங்க."

விசில் அடித்தது. எங்கள் ஆட்கள் மைதானத்தின் நடுவில் வரிசையாக நின்றார்கள். நடுவர் ஒவ்வொரு தோளாகத் தொட்டுக்கொண்டு நடந்தார். நானும் பெஞ்சிலிருந்து கூடவே எண்ணினேன். பதினெட்டு கிரெய்க். அதற்கப்புறமும் ரோரி நின்றிருந்தான்.

களத்தில் ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் அதுவரை எடுத்த புள்ளியெல்லாம் போய்விடும். ஸ்கோர் பலகையில் ஏழையும் ஒன்றையும் கழற்றிவிட்டுப் பூஜ்யத்தை மாட்டினார்கள்.

மிச்ச நிமிடங்களையும் ஆடினோம். ரோரி மறுபடி உள்ளே போகமாட்டேன் என்று என் பக்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"வெளிய வரணும்கிறதே மறந்துபோச்சுடா எனக்கு," என்றான்.

கடைசியில் கிரெய்க் ஒரு கோல் போட்டான். ஒரே ஒரு ஹாரன் மட்டும் அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டுக்கு ஆறு என்று ஆட்டம் முடிந்தது.

எல்லோரும் சேறு ஒட்டின சட்டையோடு கெல்வின் காரைச் சுற்றி நின்றோம். ரோரிதான் பேசினான். "பெருசு, பாடிடறோமே. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேடா."

"நாங்க எழுபத்தொண்ணு எடுத்தோம் பெருசு. அது நெசம்தானே?"

"நெசம்தான். ஆனா ஜெயிக்கல." டைசனைத் திட்டிக்கொண்டிருந்த கிரெய்க்கைப் பார்த்தார். "அவனை ஒண்ணும் சொல்லாதே. நானா இருந்தாலும் எண்ணத்தான் சொல்லியிருப்பேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "வருஷம் பூரா பதினெட்டு பேருக்கு நாயா அலைஞ்சோம். கடைசில ஒருத்தன் கூடிப்போயி தோத்தோம் பாரு!"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. நோலீன் குழாயைச் சரி செய்தாள்.

"என் தப்புதான் கெல்வின்," என்றேன். "அந்த நேரம் பாத்து நான் திரும்பிட்டேன்."

"எதைப் பாக்கத் திரும்பினே?"

"சும்மாதான்," என்றேன்.

செப்டம்பரில், கோதுமை கதிர் விடும்போது அவர் போய்விட்டார். அடக்கத்துக்கு டைசன் பால்ச்கூட டை கட்டிக்கொண்டு வந்து பின்னால் நின்றான். பெட்டியின் மேல் எங்கள் சட்டையை விரித்திருந்தார்கள். பாதிரியார் பேசி முடித்ததும் எல்லோரும் ரோரியைப் பார்த்தார்கள். அவன் நோலீனைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள். யாரும் பாடவில்லை.

பெட்டியைத் தூக்கும் நேரத்தில் அவள் என்னிடம் வந்தாள்.

"நீதான் ஆள் நிறுத்தணும். ஆறு பேரு."

"நானா?"

"வேற யாரு? அதானே உன் வேலை."

பக்கத்துக்கு மூன்று பேராக நிறுத்தினேன். ரோரியைத் தலைமாட்டில் விட்டேன். ஒவ்வொரு தோளாகத் தொட்டு எண்ணினேன். மறுபடியும் ஒருமுறை எண்ணினேன். ஆறுதான்.

"தூக்குங்கடா," என்றேன்.