மூன்று சுற்று

ட்ரோன் பந்தலுக்கு மேலே எழும்பியதும் கீழே இருந்த முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டுத் துணியைச் சரிசெய்துகொண்டார்கள். அமோவாவுக்கு இது பழகிப்போன காட்சிதான். மம்பொங் வட்டாரத்தில் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவருடைய சவப்பெட்டியைச் சுற்றிப் பறக்கவிட்டுப் பிழைக்கிறவன் அவன். என்ன, இன்றைக்குப் பெட்டிக்குள் படுத்திருப்பது அவனுடைய அப்பா.

மூன்று சுற்று, ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று பெரியப்பா ஒபெங் சொல்லியிருந்தார். அவர்தான் குடும்பத் தலைவர். அந்த ஊர் வழக்கப்படி, செத்த மனிதர் தம்முடைய தாய்வழிக் குடும்பத்துக்குத்தான் சொந்தம். சடங்கு, சாப்பாடு, வாத்தியம் எல்லாம் அவர்கள் வைத்ததுதான் சட்டம். பெற்ற பிள்ளைகளின் பொறுப்பு பெட்டி மட்டும். அமோவாவும் தங்கை செர்வாவும் சேர்ந்து வாங்கிய வெள்ளைப் பெட்டி, பித்தளைக் கைப்பிடிகளோடு மைதானத்தின் நடுவே வெயிலில் பளபளத்தது. உள்ளே பட்டில் பூவேலை வேறு. படுத்திருப்பவர் ஒருநாளும் அதைப் பார்க்கப்போவதில்லை என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை.

செர்வா ஹாம்பர்க்கில் இருந்தாள். அவளுடைய குடியேற்ற அனுமதிக் காகிதங்கள் அங்கே ஏதோ ஓர் அலுவலகத்தின் மேசையில் கிடந்தன. வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போக முடியாது. அதனால் ட்ரோன் எடுக்கும் படம் பந்தலுக்கு முன்னால் நிறுத்தியிருந்த பெரிய திரைக்குப் போய், அங்கிருந்து அவளுக்கும் போனது. அவளுடைய குரல் மட்டும் இன்னொரு போன் வழியாக அமோவாவின் காதில் செருகிய கருவிக்குள் இருந்தது. படம் அவளைப் போய்ச் சேர ஐந்து விநாடி பிந்தும். ஆகவே அவள் விசும்புவது எப்போதும் ஐந்து விநாடி பழைய விசும்பல்.

இன்றைக்குப் பறக்கவிடக் கூடாது என்றுதான் அமோவா நினைத்திருந்தான். தனக்குப் பதிலாக ஆள் தேடினான். தொழில் தெரிந்த நாலு பேருக்கும் சனிக்கிழமை. நாலு பேரும் வேறு வேறு பிணங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். பெரியப்பாவிடம் போய், நான் பெட்டியைத் தூக்குகிறேனே என்றான்.

"தூக்க ஆறு பேரு கையுறை போட்டுக்கிட்டு வராங்கடா. ஆடிக்கிட்டே தூக்குவானுங்க. உனக்குத் தூக்கவும் தெரியாது, ஆடவும் தெரியாது. உன் தங்கச்சி பாக்கணும்ல. தெரிஞ்ச வேலையச் செய்."

வேலை தெரிந்ததுதானே வினை.

ஒன்பது வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, எஃபிடுவாசியில் ஒரு கோகோ வியாபாரியின் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தான். பறக்கவிடும்போது போன்தான் திரை. அழைப்பு வந்தால் படம் துள்ளும் என்று போனை ஃப்ளைட் மோடில் போட்டு வைப்பது அவன் வழக்கம். நல்ல தொழில்காரன் என்று பெயர் வாங்கியதே அதனால்தான். அன்றைக்கு அந்த வியாபாரிக்கு ஒரு சுற்று இலவசமாக வேறு போட்டான். இறக்கிவிட்டு மோடை மாற்றியதும், தவறிய அழைப்புகளின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. ஏழு. ஆறு, ஆஸ்பத்திரியிலிருந்து பெரியப்பா. முதலாவது, அப்பாவின் எண். அவன் போய்ச் சேர்வதற்குள் அப்பா போய்விட்டார்; சடங்குக்கு நாள் குறித்துப் பணம் சேரும்வரை, ஊர் வழக்கப்படி உடல் பிணவறையில் இருந்தது.

அப்பா என்ன சொல்ல வந்தார் என்று தெரியாது. வரும்போது ரொட்டி வாங்கி வா என்பதாக இருக்கலாம். ரொட்டி என்றே வைத்துக்கொள்வது அமோவாவுக்கு வசதியாக இருந்தது. ஆனாலும், அன்றைக்கு அழைப்புக்கு எட்டாமல் போனவன், இன்றைக்கு மைதானத்து வாசல்வரையாவது அந்தப் பெட்டியின் ஒரு மூலையில் கை வைத்து நடக்க வேண்டும். அவன் வேண்டியது அவ்வளவுதான். பெட்டிக்கும் அவனுக்கும் நடுவே நாற்பது அடி தூரம்.

நாற்பது அடிக்கு இந்தப் பக்கம் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டி, இரண்டு கட்டைவிரலையும் குச்சிகளில் வைத்து நின்றான். வலப்பக்கம் பெரியப்பாவின் பார்வை. காதுக்குள் தங்கை. தலைக்கு மேலே அவனே ஏற்றிவிட்ட சனியன்.

"அண்ணா, கொஞ்சம் கீழ இறக்கேன். அப்பா பேரு எழுதியிருக்கிறது தெரியல."

இறக்கினான்.

"இப்ப சரி. அப்படியே சுத்து."

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. திரையில் விரலால் பெட்டியைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தான். கட்டத்துக்குள் இருப்பதை நடுவில் வைத்து ட்ரோன் தானாகவே சுற்றும், கை தேவையில்லை. வாடிக்கையாளர்களுக்கு இதை அவன் சொல்வதில்லை. சொன்னால் அவன் எதற்கு என்று கேட்பார்கள். பொத்தானை அழுத்தினான். ட்ரோன் இடப்பக்கம் சாய்ந்து முதல் சுற்றைத் தொடங்கியது. குச்சிகளிலிருந்து விரல்களை எடுத்துவிட்டுப் பூனைபோலப் பெட்டியை நோக்கி நடந்தான்.

பதினைந்து அடி போயிருப்பான். பித்தளை வாத்தியம் வேகம் எடுத்தது. கையுறைக்காரர்கள் பெட்டியைத் தோளுக்கு ஏற்றி, முழங்கால் மடக்கி எழுந்து, பெரியவர்களிடம் விடைபெறுவதற்காக அதைப் பந்தலுக்குள்ளேயே கொண்டுபோய்விட்டார்கள். ட்ரோன் அந்தரத்தில் ஒரு கணம் திகைத்தது. நடுவில் வைக்க ஏதாவது வேண்டுமே. சிவப்பும் கறுப்புமாகத் துணி போர்த்திக்கொண்டு, வெட்டவெளியில் தனியாக நடந்துகொண்டிருந்த ஓர் உருவம் அதற்குக் கிடைத்தது.

வாத்தியக்காரர்களில் ஒருவன் பிசிறடித்தான். அமோவா நிமிர்ந்து பெரிய திரையைப் பார்த்தான்.

திரையின் நடுவே அப்பா நின்றிருந்தார்.

உச்சியிலிருந்து எடுத்த படம். சுற்றிலும் முடி, நடுவில் ஒரு சாஸர் அளவுக்குப் பளிச்சென்று வழுக்கை. அப்பாவை இந்தக் கோணத்தில் யாருமே படம் எடுத்ததில்லை. முற்றத்தில் ட்ரோன் சத்தம் கேட்டதுமே உள்ளங்கையை உச்சியில் வைத்து மூடிக்கொள்வார். கைய எடுங்கப்பா என்று அமோவா கெஞ்சுவான். "மேல இருந்து பாக்குறவனுக்கு நான் கிழவன்டா. கீழ நின்னு பாரு, எப்படி இருக்கேன்னு" என்பார். முப்பது வருடம் குமாசிக்கு வேன் ஓட்டியவர். பயணிகளுக்கு முகத்தைவிடப் பின்மண்டைதான் அதிகம் தெரியும் என்பது அவருக்கு ஒரு குறை.

அமோவா இடப்பக்கம் ஓர் அடி வைத்தான். திரையில் இருந்தவரும் வைத்தார். நின்றான். அவரும் நின்றார். அப்பாவின் வழுக்கை தன் உச்சியிலும் விழுந்திருப்பது இதுவரை அவனுக்குத் தெரியாது. ட்ரோன் நிதானமாக அவனைச் சுற்றியது. வலப்பக்கம் விலகிப் பார்த்தான். வட்டமும் கூடவே விலகியது.

ஐந்து விநாடி.

"அண்ணா." மூக்கை உறிஞ்சும் சத்தம். "பெட்டியக் காணோம். நீதான் தெரியற."

"பிடிச்சது தப்பிடுச்சு. நிறுத்திட்டு மறுபடி வரையறேன், இரு."

"வேணாம்," என்றாள். "நிறுத்தாத. நீ போனா அதுவும் உன்கூட வரும்ல? பெட்டிகிட்ட போ."

அதற்குள் பெட்டி பந்தலின் மறுபக்கம் வெளியே வந்து வாசலை நோக்கி ஆடத் தொடங்கியிருந்தது. பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து கைத்தடியை நீட்டினார்.

"அங்க என்னடா சிலையாட்டம் நிக்கிற? பெட்டி பக்கத்துல போய்த் தொலை. அதுவும் படத்துல வரணும்ல."

அமோவா ஓடினான். கழுத்தில் தொங்கிய ரிமோட் வயிற்றில் இடித்துக்கொண்டே வந்தது; வட்டம் தலைக்கு மேலே கூடவே வந்தது. பின்மூலையில் இருந்த கையுறைக்காரன் அவன் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் அரையடி முன்னால் தள்ளி இடம் விட்டான். அமோவா பெட்டியில் கை வைத்தான். வெயிலில் மரம் சூடேறியிருந்தது. ஆட அவனுக்கு வரவில்லை. எல்லோரும் வலப்பக்கம் சாயும்போது அவன் இடப்பக்கம் சாய்ந்தான்.

வாசல் நெருங்கியபோது ட்ரோன் நேர் உச்சிக்கு வந்தது. அவனுடைய இன்னொரு கை தானாக எழுந்து தலையின் நடுவே உள்ளங்கையைப் பரப்பி மூடிக்கொண்டது.

ஐந்து விநாடி கழித்து, காதுக்குள் செர்வா சிரித்தாள். அல்லது சிரிப்பாகத் தொடங்கிய வேறு ஏதோ.

"கைய எடுண்ணா," என்றாள்.

அவன் இரண்டு கையையும் எடுக்கவில்லை. மூன்றாவது சுற்று முடிந்தது. பொத்தானை அழுத்த ஆளில்லாமல் ட்ரோன் நான்காவதைத் தொடங்கியது.