பாய்களின் வேலைநிறுத்தம்

மேலக்கோரையூர் டிசைன் சென்டரில் நெய்யும் பாயைத் தடவினால், அதுவும் திருப்பித் தடவும். கோரையோடு செம்புக் கம்பியும் சேர்வதால் நெய்தவரின் கை அதில் தங்கிவிடுகிறது. எல்லாப் பாய்களுக்கும் செய்யதலி பாத்திமாவின் கையையே பதிவெடுத்துப் போட்டிருந்தார்கள். அவர் இறந்த பிறகும் உற்பத்தி குறையவில்லை.

பாத்திமாவின் கணவர் மீரான் கனி, பாய் நெசவாளர் சங்கச் செயலாளர். ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோரையைச் செருகுவார், மற்றவர் அச்சுக்கட்டையை அடித்து அதை நெருக்குவார். கல்யாணமானது முதல் மீரான் கனி செருக, பாத்திமா அடித்தார். செருகுகிற வேலைக்கு சென்டரில் ஒரு மோட்டார் சேர்ந்ததும் மீரான் கனி வேலைநிறுத்தம் அறிவித்தார். ஊரே வெளியே வந்தது. பாத்திமா மட்டும் மோட்டாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அடுப்பு எரியணும்லா" என்றார்.

வேலைநிறுத்தத்தை உடைக்கிற கருங்காலியோடு பேசக் கூடாது. கருங்காலி கையால் தண்ணீர் வாங்கக் கூடாது. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சங்க விதியில் இதை எழுதியவர் மீரான் கனிதான். துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்துக் கற்றவர். எழுதியதை அடித்துத் திருத்த மாட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மனைவி மௌத்தாகும்வரை அந்த விதியைக் காப்பாற்றினார். தலைமை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் அவர் சென்டருக்குப் போனார். அங்கே டிசைனராக இருந்த வினோதினி ஒரு பாயை விரித்தாள்.

"உள்ளங்கை நல்லாப் படுற மாதிரி வைங்க சார்."

வைத்தார். அச்சை அடித்துக் காய்த்துப்போன கை ஒன்று பாய்க்குள்ளிருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் ஓரத்துத் தழும்பும் இருந்தது. அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் கருங்காலியிடம் ஒரு செயலாளர் சொல்லக்கூடிய பேச்சு ஒன்றுதான் உண்டு.

"வேலையை விட்டு வெளிய வா, பாத்திமா."

பாய் அவர் கையை விட்டுவிட்டுச் சுருண்டுகொண்டது. கிடங்கிலிருந்த பாய்களும், விற்றுப்போய் ஊர் ஊராகக் கிடந்த பாய்களும் சுருண்டன. வேலைநிறுத்தம் முழு வெற்றி. அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் சங்கத் தலைவர் சாகுல் மாலை போட்டார்.

"ஒரு வழியா மதினியை வெளிய கொண்டாந்துட்டியளே காக்கா!"

பாய்கள் சென்டர் வாசலில் அணிவகுத்து நின்றன. மீரான் கனி தன் கையைப் பிடித்த பாயைத் தேடிப் போய் அதன் சுருளுக்குள் கையை நுழைத்தார்.

"எனக்கு மட்டும், பாத்திமா. கொஞ்ச நேரம். யாரும் பாக்கல."

பாய் இன்னும் இறுகியது.

வேலைநிறுத்தத்தில் இருப்பவரை வேலைக்குக் கூப்பிடுகிறவருக்குச் சங்கத்தில் பெயர் இருக்கிறது. அவரே கமிட்டியைக் கூட்டினார். அவரே தீர்மானம் கொண்டுவந்தார்.

"யாரைச் சொல்லுதியன்னு யோசிச்சுப் பாருங்க காக்கா" என்றார் சாகுல்.

"விதி விதிதான்டே."

மீரான் கனி ஒரு கருங்காலி என்று மீரான் கனி கணீரென்று வாசித்தார். தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பிறகு சாகுல் அவரோடு பேசவில்லை.

மறுநாள் பாய்கள் ஊர்வலமாகக் கிளம்பின. கோஷம் எழுதித் தரும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. கடைத்தெருவில் ஒதுங்கி நின்றார். முன்வரிசையில் அவர் கையைப் பிடித்த அந்தப் பாய் வந்தது. அவரைத் தாண்டும்போது, விதியில் உள்ளபடி, மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

கூட்டம் போன பின் பார்த்தால், பக்கத்தில் அந்த மோட்டார் நின்றுகொண்டிருந்தது. அதனோடும் ஊரில் யாரும் பேசுவதில்லை. இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"வேலை பாக்கும்போது அவ என்ன பேசுவா?" என்று கேட்டார் மீரான் கனி.

"அதிகமாப் பேச மாட்டாங்க. கோரை தீர்ந்தா மட்டும், என்னைப் பாத்து 'மீரான், செருகு'ன்னு சொல்லுவாங்க."

வீட்டில் பாத்திமா அந்தப் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

மோட்டார் உள்ளே போய், பானையிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து நீட்டியது. மீரான் கனி வாங்கிக் குடித்தார்.